வெள்ளிக்கிழமை விழாத முத்திரை

நூலகர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகிறது. இந்தப் பதினோரு வருடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தாள் எழுதாமல் விட்டது நான்கே முறை. இரண்டு முறை கண் அறுவை, ஒரு முறை சம்பந்தி வீட்டுச் சாவு, ஒரு முறை காய்ச்சல். மழைக்காகவோ மின்சாரம் போனதற்காகவோ விட்டதில்லை.

தாள் என்று எங்கள் ஆட்கள் சொல்வது ஒரு முழுநீளக் காகிதத்தை. நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்திருப்பேன். இடப்பக்கம் செய்தி. எந்தக் கிளை நூலகத்தில் யார் ஓய்வு பெறுகிறார், யாருக்கு எந்த ஊருக்கு மாறுதல், எந்தக் கல்லூரியில் கருத்தரங்கு, எங்கே பயிற்சி, இவையெல்லாம் அங்கே வரும். வலப்பக்கம் வேலை. நூலகப் படிப்பு படித்தவர்களுக்கு எங்கே இடம் காலியாக இருக்கிறது, என்ன தகுதி, எத்தனை வயதுக்குள், விண்ணப்பம் போய்ச் சேர வேண்டிய கடைசித் தேதி என்ன என்று எழுதுவேன். கையால் எழுதி, கைப்பேசியில் படம் எடுத்து, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். தட்டச்சு செய்யச் சொல்கிறார்கள். நான் ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழுகிறது.

குழுவில் அப்போது இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். வேலையில் இருப்பவர்கள் நூற்று மூன்று. என்னைப் போல வேலை முடிந்தவர்கள் முப்பத்தெட்டு. மிச்சம் எழுபத்தொரு பேர், படித்துவிட்டுக் காத்திருப்பவர்கள், அல்லது தொகுப்பூதியத்தில் எங்காவது ஒட்டிக்கொண்டிருப்பவர்கள். வலப்பக்கம் அந்த எழுபத்தொரு பேருக்காகத்தான்.

கடைசித் தேதியை மட்டும் நான் எழுதுவதில்லை, முத்திரை குத்துவேன். ஓய்வு பெற்ற வாரமே கடையில் சொந்தமாக ஒரு தேதி முத்திரை வாங்கினேன். நாள், மாதம், ஆண்டு என்று மூன்று ரப்பர் பட்டைகள் சுற்றும், நூலக மேஜையில் இருக்குமே, அதே வகை. ஆண்டுப் பட்டையில் பன்னிரண்டு வருடம்தான் இருக்கும். எனக்கு அதில் இன்னும் ஒன்றுதான் பாக்கி. புத்தகத்தின் கடைசியில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் போல, தாளின் வலது ஓரத்தில் ஊதா மையில் தேதிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்கும். பார்த்தவர்கள் எல்லோரும் அதைப் பாராட்டினார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

சென்ற ஆண்டுக் கடைசியில் வந்த தவறு அந்த முத்திரையால் வந்தது. முத்திரையைத் திருப்பியவன் நான்.

வெளியாட்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பொது நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. எடுத்த புத்தகம் பதினைந்து நாளில் திரும்பி வர வேண்டும். வியாழக்கிழமை எடுத்துப் போகும் புத்தகத்துக்குப் பதினைந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. அன்றைக்குக் கதவு பூட்டியிருக்கும். அதனால் சனிக்கிழமைத் தேதி போடுவோம். வியாழக்கிழமை காலையில் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, நான் செய்யும் மூன்றாவது வேலை முத்திரையைப் பதினாறு நாள் தள்ளித் திருப்பி வைப்பதுதான். முப்பத்து நான்கு வருடம். விடுப்பு நாட்களைக் கழித்தாலும் ஆயிரத்து அறுநூறு வியாழக்கிழமைக்குக் குறையாது. ஆயிரத்து அறுநூறு முறை ஒரு நாளைத் தாண்டிய கை என்னுடையது.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை. காலையில் வாசகசாலைக்குப் போய் எட்டு நாளிதழ்களையும் புரட்டுவது என் வழக்கம். ஏழாவது நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு விளம்பரம் இருந்தது. சிவகங்கைச் சாலையில் உள்ள ஒரு தனியார் கல்லூரிக்கு உதவி நூலகர் தேவை. நூலகப் பட்டம் வேண்டும். பத்து ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. வயது நாற்பதுக்கு மேல் கூடாது. விண்ணப்பம் நேரில் தர வேண்டும், விளம்பரம் வெளியான நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள், மாலை ஐந்து மணிக்குள். தேதி என்று எதுவும் அச்சாகவில்லை. அச்சாகியிருந்தால் நான் பார்த்து எழுதியிருப்பேன், எண்ணியிருக்க மாட்டேன்.

படித்ததும் எனக்கு ஒருவர் நினைவுதான் வந்தது. ஆத்தங்குடிக்கு இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு கிராமத்தில் ஊர்ப்புற நூலகம் இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக அதைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி அவர். தொகுப்பூதியம். அந்த வேலையில் இருந்துகொண்டே அஞ்சல் வழியில் நூலகப் பட்டம் வாங்கியவர். கணவர் தரைக்கல் பட்டறையில் அச்சில் சிமெண்டு வார்த்துக் கல் ஊற்றுகிறார். இரண்டு பெண் பிள்ளைகள். அவருக்கு வயது முப்பத்தொன்பதும் சில மாதங்களும். இந்தப் பக்கத்தில் நிரந்தரமாக ஒரு நூலக வேலை காலியாவது அபூர்வம். காலியானாலும் நாற்பது என்று கோடு போட்டுவிடுகிறார்கள். தாள் வந்த மறுநிமிடம் குழுவில் பார்ப்பவர்களில் அவர் எப்போதும் முதல் ஐந்து பேருக்குள் இருப்பார். அது எனக்குத் தெரியும், பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தாள் எழுதினேன். வலப்பக்கத்தில் அந்த வாரம் ஆறு வேலைகள். கல்லூரி வேலை மூன்றாவது. வியாழனிலிருந்து விரல் விட்டு எண்ணி, முத்திரையைத் திருப்பி, குத்தினேன். படம் எடுத்துப் போட்டேன். அவருக்குத் தனியாகவும் ஒரு வரி அனுப்பினேன், இது உங்களுக்கென்றே வந்தது போல இருக்கிறது என்று. அவர் கும்பிடும் கை ஒன்றை அனுப்பினார்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு வந்த இரண்டாவது சனிக்கிழமை, பகல் பன்னிரண்டரை மணிக்கு, அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். கையில் உறை போட்ட ஒரு கோப்பு. முன்பு இரண்டு முறை வீட்டுக்கு வந்திருக்கிறார், சொல்லிவிட்டுத்தான் வருவார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சார், அந்த விளம்பரத் துண்டு வச்சிருப்பீகல்ல? ஒருவாட்டி பாத்துக்கிறேன்."

நான் எல்லாத் துண்டுகளையும் வெட்டித் தேதி எழுதிக் கோப்பில் வைத்திருப்பேன். எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். உதடு அசைந்தது. விரல்களை மடக்கினார். ஒரு கை முடிந்து, மறு கை முடிந்து, திரும்பவும் முதல் கை.

"வெள்ளிதானே சார் வருது" என்றார்.

"வெள்ளிதான். வெள்ளி லீவுன்னா மறுநாள்தானேம்மா கணக்கு?" இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன். எண்ணத் தெரியாதவருக்குச் சொல்வது போல.

அவர் துண்டை மடித்து என்னிடம் நீட்டினார்.

"காலேசுக்கு வெள்ளிக்கிழமை லீவு இல்லையே சார்."

என் மனைவி மோர் கொண்டுவந்தவள் நடுக்கூடத்தில் அப்படியே நின்றுவிட்டாள். நான் துண்டைப் பிரித்து இன்னொரு முறை எண்ணினேன். மூன்றாவது முறையும் எண்ணினேன். கணக்கில் தவறே இல்லை, மூன்று முறையும் வெள்ளிதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வெள்ளிதான் வந்திருக்க வேண்டும். எண்ணியது தலை. அதற்குப் பிறகு என்னைக் கேட்காமல் ஒரு நாள் தாண்டியது கை.

அன்று காலை பத்து மணிக்கு அவர் கல்லூரிக்குப் போயிருக்கிறார். நேற்றோடு முடிந்துவிட்டது என்று வாயிலுக்குப் பக்கத்து அறையிலேயே சொல்லிவிட்டார்களாம். கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லையாம். இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குப் பதில் சொல்ல வழி இருந்திருக்கும். மோரை வாங்கிக் குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். விண்ணப்பத்தின் நகல் ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை பேசிப் பார்க்கலாமா என்று கேட்டார். வருகிறேன் என்றேன்.

அவர் போன பிறகு என் மனைவி சொன்னாள். "உங்களுக்கு வெள்ளிக்கிழமைன்னு ஒரு நாளே கெடையாதுங்க. காலையில பேப்பரோட படுத்தா சனிக்கிழமைதான் எந்திரிப்பீக. அது இப்ப அடுத்தவுக வாழ்க்கையில போயி விழுந்திருக்கு."

மறுநாள் ஞாயிறு. தாள் எழுதினேன். இடப்பக்கம் ஒன்பது செய்தி, வலப்பக்கம் நான்கு வேலை. என் தவறைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. திங்கட்கிழமை கல்லூரியில் பேசிச் சரி செய்துவிட்டால் எழுதவே வேண்டியிருக்காது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவர் ஒரு பேருந்தில் வந்தார், நான் ஒரு பேருந்தில் போனேன். கல்லூரி வாயிலிலிருந்து அலுவலகம் வரை நூற்று எண்பது அடி. புதுக் கட்டடம்தான், ஆனால் அலுவலகக் கூடத்தில் மட்டும் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தார்கள். எங்களை ஒரு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். ஒரு மணி நேரமும் ஐந்து நிமிடமும் உட்கார்ந்திருந்தோம். நான் கல்லை எண்ணினேன். அகலத்தில் பதினெட்டு, நீளத்தில் இருபத்தாறு, தூணை ஒட்டி நான்கு அரைக் கல். அவர் நான் எண்ணுவதைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது.

"எங்க வீட்டுக்காரரு ஊத்துன கல்லு சார் இது. லாரில ஏத்தயில நானும் நின்னேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கல்லு உள்ள வந்திருச்சு" என்றார். அவ்வளவுதான். சிரிக்கத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அலுவலகக் கண்காணிப்பாளர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், மரியாதையானவர். நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னதும் என் தாளைக் கேட்டார். கொடுத்தேன். மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

"இதுதானா அது? சனிக்கிழமை நாலு பேரு வந்தாகய்யா. நாலு பேரு போன்லயும் இந்தத் தாளுதான். நாங்க ஏதோ புது வேலைவாய்ப்பு ஆபீசு தொறந்திருக்காக போலன்னு பேசிக்கிட்டோம்."

நாலு பேர். எனக்கு அதுவரை ஒருவர் என்றுதான் கணக்கு.

நான் என் தவறு என்று சொன்னேன். வெள்ளிக்கிழமை விடுமுறை, பதினைந்து நாள், முத்திரை என்று எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அங்கேயே ஒரு காகிதம் கொடுத்து, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். செயலர் பார்வைக்கு வைப்பதாகச் சொன்னார். நான் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு. தேதி மட்டும் தவறிப்போச்சு" என்றார். குத்தலாகத்தான் சொன்னார். எனக்கு வேண்டியதுதான்.

பக்கத்தில் ஒரு நோட்டு திறந்து கிடந்தது. வந்த விண்ணப்பங்களை வரிசையாகப் பதிந்திருந்தார்கள். கடைசி எண் நாற்பத்தொன்று. அதன் கீழே சிவப்பு மையில் குறுக்காக ஒரு கோடு, பக்கத்தில் மாலை ஐந்து என்று நேரம். என்னோடு வந்த அம்மாவின் பெயர் இருந்திருக்க வேண்டிய நாற்பத்திரண்டாம் வரி காலியாக இருந்தது. அவரும் அதைப் பார்த்தார்.

அந்த வாரம் புதன்கிழமை குழுவில் ஒரு செய்தி வந்தது. காளையார்கோயில் பக்கத்துப் பையன் ஒருவன், ஒரு பள்ளி நூலகத்தில் தற்காலிகமாக வேலை பார்ப்பவன், எழுதியிருந்தான். கல்லூரிக்காரர்கள் ஒரு நாள் முன்னதாகவே விண்ணப்பத்தை மூடிவிட்டார்கள், யாருக்கோ முன்பே பேசி வைத்திருப்பார்கள் என்று. நாலு பேரில் அவன் ஒருவன் என்று புரிந்தது. அதன் கீழே பதினேழு பேர் கல்லூரியைத் திட்டியிருந்தார்கள். தனியார் என்றால் அப்படித்தான் என்றார் ஒருவர். ஐயா இவ்வளவு பாடுபட்டுத் தேதியோடு போடுகிறார், இவர்கள் இப்படிச் செய்கிறார்களே என்றார் இன்னொருவர்.

பதினேழையும் படித்தேன். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். என் தவறுக்கு யாரோ திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள், எனக்குப் பாராட்டு வந்துகொண்டிருந்தது. ஒரு வரி எழுதினால் போதும், முடிந்துவிடும். எழுதவில்லை. செயலர் முடிவு சொல்லட்டும் என்று இருந்தேன். உண்மையில் நான் பயந்தேன். பதினோரு வருடம் ஒரு தேதி தவறாமல் போட்டவன் என்ற பெயர் ஒன்றுதான் எனக்கு மிச்சம் இருந்தது. அது போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் என்ன செய்வேன்?

இன்னொன்றும் உறுத்தியது. ஆத்தங்குடிப் பக்கத்து அம்மாவுக்கு உண்மை தெரியும். அவரும் அந்தக் குழுவில் இருக்கிறார், பதினேழையும் பார்த்திருக்கிறார். கல்லூரி மேல் தவறில்லை என்று அவர் ஒரு வரி போட்டிருக்கலாம். போடவில்லை. எனக்காகத்தான் போடவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. என்னால் அந்த வேலை வாய்ப்பை இழக்கப்போகிறவர் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையும் நான் ஒன்றும் எழுதாமல்தான் தாளைப் போட்டேன். அன்றைக்கு முத்திரை குத்தும்போது மட்டும் ஒரு தேதி இரட்டையாக விழுந்தது.

அடுத்த திங்கட்கிழமை கண்காணிப்பாளர் தொலைபேசியில் பேசினார். செயலர் மறுத்துவிட்டார். நேரத்துக்கு வந்தவர்கள் நாற்பத்தொரு பேர், கோட்டுக்குக் கீழே ஒருவரைச் சேர்த்தால் நாலு பேரையும் சேர்க்க வேண்டும், நாலு பேரைச் சேர்த்தால் விளம்பரத்தைப் பார்க்காமல் விட்டவர்கள்கூட வந்து கேட்பார்கள் என்றாராம். நியாயம்தான். நான் நூலகராக இருந்தபோது ஒரு நாள் தாமதமாகப் புத்தகம் கொண்டுவந்தவர் யாருக்கும் அபராதத்தைத் தள்ளுபடி செய்ததில்லை.

இதைத் தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை. அவர் விண்ணப்பத்தின் நகல் என்னிடம் இருந்தது, பிறந்த தேதி அதில் இருந்தது. நாற்பது முடிய நூற்றிரண்டு நாள் என்று எண்ணி வைத்திருந்தேன். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கிளம்பிக் கிளம்பி உட்கார்ந்தேன். தொண்ணூற்றொன்பது ஆனது. வியாழக்கிழமை போனேன்.

ஒற்றை அறை நூலகம். ஒன்பது மர அலமாரி, இரண்டு மேஜை, ஒரு விசிறி. நான் உள்ளே போனபோது ஒரு பெரியவர் இரண்டு புத்தகத்தை மேஜையில் வைத்துக்கொண்டு நின்றார். இவர் பதிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். உட்காருங்கள் என்றேன். பெரியவர் போகட்டும் என்று அலமாரிப் பக்கம் போய் நின்றேன்.

பெரியவர் போன பிறகு நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் சொன்னார், கண்காணிப்பாளர் திங்கட்கிழமையே தன்னிடமும் பேசிவிட்டதாக. எனக்கு மூன்று நாளாகச் சொல்ல முடியாமல் இருந்தது அவருக்கு மூன்று நாளாகத் தெரிந்த செய்தி. உட்கார்ந்தேன். வருந்துகிறேன் என்று சொல்ல நினைத்தேன். அந்தச் சொல் மிகவும் சின்னதாகப் பட்டது. வெள்ளிக்கிழமை நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை.

அனுபவச் சான்றிதழ் வாங்கச் சிவகங்கைக்குப் போயிருந்தாராம். நூலகத்துக்கு விடுமுறை என்பதால் வெள்ளிக்கிழமையில்தான் போக முடியும். பகலுக்குள் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது.

"மூணேகாலுக்கு அந்தக் காலேசு கேட்டு வழியாத்தான் பஸ்ஸு வந்துச்சு சார். எல்லாம் மடியிலதான் இருந்துச்சு. எறங்குவமான்னு ஒரு நெனப்பு வந்துச்சு. பொடவையெல்லாம் கசங்கிக் கெடந்துச்சு, கோப்புக்கு உறை போடல. நாளைக்குக் காலையில மரியாதையா வருவோம்னு உக்காந்துட்டேன்."

மனதுக்குள் எண்ணினேன். மூன்றேகாலிலிருந்து ஐந்து மணிக்கு நூற்றைந்து நிமிடம்.

"உங்க முத்திரைய மட்டும் நம்பிப் போகல சார்" என்றார். "அந்த ஞாயித்துக்கெழமையே நானும் காலண்டர வச்சு எண்ணிப் பாத்தேன். எனக்கும் சனிக்கெழமைதான் வந்துச்சு."

மேஜை மேல் அவருடைய முத்திரை இருந்தது. அன்று வியாழன். பெரியவர் எடுத்துப்போன இரண்டு புத்தகத்திலும் அவர் குத்தியது பதினாறாம் நாள். நான் அலமாரிப் பக்கம் நின்றபோதே அதைப் பார்த்திருக்கிறேன், பார்த்தும் சரி என்றுதான் எனக்குப் பட்டது.

திரும்பி வரும் பேருந்தில் முதல் நான்கு நிறுத்தம் வரை எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது. நான் மட்டும் இல்லை, அவரும் அப்படித்தான் எண்ணினார், நூலகத்தில் உட்கார்ந்த யாரும் அப்படித்தான் எண்ணுவார்கள். பள்ளி நூலகத்துக்கு வெள்ளி விடுமுறை இல்லையே, காளையார்கோயில் பையன் எப்படி எண்ணினான் என்று ஐந்தாவது நிறுத்தத்தில் ஒரு கேள்வி வந்தது. அவன் எண்ணவே இல்லை. என்னை நம்பினான். அந்த அம்மா சொன்னதுகூட உண்மைதானா, என்னைத் தேற்றச் சொன்னதா? கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. அதற்குப் பிறகு ஊர் வந்து சேரும் வரை நெஞ்சு பழையபடி கனத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாளின் முதல் வரியில், செய்திக்கும் வேலைக்கும் மேலே, பக்கத்தின் முழு அகலத்துக்கும் எழுதினேன். கல்லூரி வேலைக்குக் கடைசி நாள் வெள்ளிதான் என்றும், சனி என்று போட்டது என் தவறு என்றும், கல்லூரி ஒரு நாள்கூட முன்னதாக மூடவில்லை என்றும், இது தெரிந்தும் இரண்டு வாரம் நான் சொல்லாமல் இருந்தேன் என்றும். ஐந்து வரி. அதற்கு ஐந்து காகிதம் கிழித்தேன்.

காளையார்கோயில் பையன் பத்து நிமிடத்தில் கூப்பிட்டான். "காலேஜ்காரங்க ஏமாத்திட்டாங்கன்னு எங்கம்மாட்ட சொல்லி வச்சிருக்கேன் சார். இப்பப் போயி என்னன்னு சொல்ல?" என்றான். அவன் வைத்துவிட்டான். என்னோடு ஓய்வு பெற்ற தேவகோட்டை நண்பர் ஒருவர் மாலையில் கூப்பிட்டு, "விடுங்கண்ணே. நாமெல்லாம் வெள்ளிக்கெழமை செத்தாக்கூட சனிக்கெழமைதான் கணக்குல எடுப்பாக" என்றார். அவர் சிரித்தார். நானும் ஒரு மாதிரி சிரித்து வைத்தேன். இரவுக்குள் ஐந்து பேர் குழுவை விட்டுப் போயிருந்தார்கள். இருநூற்றேழு. போனவர்களில் ஆத்தங்குடிப் பக்கத்து அம்மா இல்லை. நான் இரண்டு முறை சரிபார்த்தேன்.

அன்றும் மறுநாளும் அவரிடமிருந்து ஒன்றுமே வரவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு செய்தி வந்தது. "தேதிக்குப் பக்கத்தில் கிழமையும் எழுதுங்கள் சார்." அவ்வளவுதான். பேசும்போது இருக்கும் அவர் பேச்சு எழுத்தில் இருக்காது, எப்போதுமே அளவாகத்தான் எழுதுவார்.

அன்றிலிருந்து எழுதுகிறேன். ஊதா முத்திரைக்குப் பக்கத்தில் கறுப்பு மையில் கிழமை. ஞாயிற்றுக்கிழமை தாளைக் குழுவில் போடுவதற்கு முன்னால் அவருக்கு அனுப்புகிறேன். அவர் எண்ணிப் பார்த்துச் சரி என்று அனுப்பிய பிறகுதான் போடுகிறேன். நான் கேட்டுக்கொண்டது இது. அவர் மறுக்கவில்லை, மகிழ்ச்சி என்றும் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு அவர் பதில் நாற்பது நிமிடம் வரவில்லை. கோவிலுக்குப் போயிருந்திருக்கிறார். நாற்பது நிமிடமும் நான் தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வேலை தேடுவதும் நிற்கவில்லை. இப்போது எட்டு நாளிதழோடு நான்கு வலைத்தளங்களையும் பார்க்கிறேன், பேத்தி பழக்கிக் கொடுத்தாள். அவருக்குப் பொருந்துவதாக மூன்று இடம் வந்தது. ஒன்று ஓசூர், ஒன்று சென்னை. பெண் பிள்ளைகள் இரண்டும் இங்கே படிக்கின்றன, கணவருக்குப் பட்டறை இங்கே, எப்படிப் போவார்? மூன்றாவது தேவகோட்டையில் ஒரு பள்ளி. நூலகர், நிரந்தரம், வயது நாற்பதுக்குள். கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை.

அந்தத் துண்டை வெட்டினேன். தாளுக்குக் காத்திராமல் அப்போதே அவரைக் கூப்பிட்டேன். வெள்ளி, வெள்ளி என்று நான் மூன்று முறை சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "நான் திங்கக்கெழமையே போயிருவேன் சார், நீங்க அலட்டிக்காதீக" என்றார். ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு திங்கட்கிழமையே போய்க் கொடுத்துவிட்டார். ஒப்புகைச் சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். வரிசை எண் இரண்டு. புடவை கசங்கியிருந்ததா என்று நான் கேட்கவில்லை.

பள்ளியிலிருந்து இன்னும் கடிதம் வரவில்லை. விண்ணப்பம் கொடுக்கும் நாளில் வயது நாற்பதுக்குள் இருந்தால் போதுமா, வேலையில் சேரும் நாளிலும் இருக்க வேண்டுமா என்று விளம்பரத்தில் தெளிவாக இல்லை. கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் இல்லை. அவருக்கு நாற்பது முடிய இன்றைக்கு முப்பத்தொரு நாள். வெள்ளிக்கிழமைகளையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறேன்.